மூவேரி பஸ்ஸில் இடமில்லை

மூவேரிப் பள்ளத்தாக்கில் மூன்று ஏரிகளும் அவற்றைச் சுற்றிப் பூந்தோட்டங்களும் பழத்தோட்டங்களும் இருப்பதாகச் சொல்லக் கேட்டு, காலண்டருக்குப் பன்னிரண்டு படம் எடுத்துக்கொண்டு ரெண்டே நாளில் ஊர் திரும்பிவிடலாம் என்று, ஓர் ஆவணி மாத வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குச் சிவகாசி வெயிலுமுத்து பஸ்ஸை விட்டு இறங்கினான். சொல்லக் கேட்டு என்று ஏன் இழுக்கிறேன் என்றால், அந்த ஊர்க்காரர்களே தங்கள் ஏரியைக் கண்ணால் பார்த்து அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது. மார்கழியில் வழக்கம்போல மலையேறி வந்த மூடுபனி, தையில் இறங்கிப் போகவேண்டியது, போகவில்லை. மாசியிலும் போகவில்லை. முதல் மாதம் ஜனங்கள் அதைத் திட்டினார்கள், ரெண்டாம் மாதம் மாதா கோவிலுக்கு மெழுகுவர்த்தியும் மாரியம்மனுக்குக் கூழும் நேர்ந்துகொண்டார்கள், மூன்றாம் மாதத்திலிருந்து அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தப் பழகிவிட்டார்கள். மனுஷ ஜென்மம் எதற்குத்தான் பழகாது? வீட்டுக்கு வீடு கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனார்கள், கேரட்டைத் தடவிப் பார்த்துப் பிடுங்கினார்கள், குரலை வைத்துப் பெண் பார்த்தார்கள், கரையேற்றிய மிதிபடகுகளில் கோழிகள் அடைகாத்தன. மலைப்பாதையின் பத்துக் கொண்டையூசி வளைவுகளிலும் கண்டக்டர் விசில் ஊதிக்கொண்டு முன்னால் நடக்க, டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் பின்னாலே பஸ்ஸை உருட்டி வருவார். ஒன்றும் தெரியாத ஊருக்கு யார் வருவார்கள்? அந்த நாற்பத்திரண்டு சீட்டு பஸ்ஸில் அன்றைக்கு வந்த ஒரே ஆள் வெயிலுமுத்துதான்.

அவன் தரையில் கால் வைத்ததும் மூடுபனி விலகியது. பள்ளத்தாக்கு முழுக்க அல்ல. அவனைச் சுற்றி ஒரு கூப்பிடு தூரத்துக்கு மட்டும், பாயைச் சுருட்டுகிற மாதிரி பின்வாங்கி வட்டமாக நின்றுகொண்டது. மூன்று வருஷத்துக்குப் பிறகு விழுந்த வெயிலில் மூவேரிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். லாட்ஜ் நடத்துகிற ரெஜினா அக்கா, தன் லாட்ஜ் போர்டு தலைகீழாக மாட்டியிருப்பதைப் பார்த்து, "அட நாசமாப் போறவனே, இதுக்கா உனக்குக் கூலி குடுத்தேன்?" என்று ஆசாரியைத் தேடினாள். படகுத்துறை அந்தோணிசாமி தன் பெண்சாதியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீ எப்ப நரைச்ச?" என்று கேட்டு அழுதுவிட்டார். அப்புறம் எல்லாரும் திரும்பி, பெட்டியும் கையுமாக நின்ற வெயிலுமுத்துவைப் பார்த்தார்கள். ஏன், எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை. "தம்பி சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டார்கள்.

பேரிலேயே வெயில் இருக்கிறதே, அதனால்தான் என்றார்கள் சிலர். அதையும் சும்மா விடவில்லை. பின்னாளில் சாத்தூர் பக்கம் ஆளனுப்பி வேறு ரெண்டு வெயிலுமுத்துகளைக் கூட்டிவந்து நிறுத்திப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.

மறுநாள் அவன் படம் எடுத்தான். யாத்தே, என்ன அழகு, என்ன அழகு! முதல் ஏரி முழுக்க ஆகாயம் கிடந்தது. ரெண்டாவது ஏரியில் சைப்ரஸ் மரங்கள் தலைகீழாக நின்றன. மூன்றாவது ஏரி பாசிப் பயறு நிறத்தில் ஆடாமல் அசையாமல் இருந்தது. மூன்று வருஷமாக யாரும் பார்க்காத பூங்காவில், யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு செடியும் பூக்காமல் இருந்துவிடவில்லை. வெட்டவெளியும் வெயிலும் அச்சாபீஸ் மையும் தவிர வேறெதுவும் அறியாத வெயிலுமுத்து, பேரி மரத்தடியில் கேமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டே நின்றான். இந்த அழகைத் தன் தங்கச்சி பேச்சிக்குக் காட்டவேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அவன் ரெண்டாவது ஏரிக்கு நடந்தபோது முதல் ஏரி மூடிக்கொண்டதையும், அதைப் பார்த்து ஊர்க்காரர்கள் தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டதையும் அவன் கவனிக்கவில்லை.

பேச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அவளை ஒட்டித்தான். தன் இஷ்டத்துக்குக் குருசாமியைக் கட்டிக்கொண்டாள் என்று அவள் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்துவிட்டவன் வெயிலுமுத்து. நாலு வருஷம் பேச்சு வார்த்தை கிடையாது. போன சித்திரையில் அவளாகவே வந்து, சொர்ணக்கிளி என்கிற மூன்று வயசுப் பிள்ளையை அவன் மடியில் பொத்தென்று வைத்து, "தை இருபத்திரெண்டு இவளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடி வேணும்ணே. வேற மடிக்கு நான் எங்க போவேன்?" என்றாள். பிள்ளை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. அந்த வாரமே அவன் சின்னதாக ஒரு ஜோடிக் கம்மல் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். மூவேரிக்கு வந்தபோதும் அது பையில் இருந்தது.

சனிக்கிழமை பதினோரு மணி பஸ்ஸுக்கு அவன் கிளம்பிப் போனான். பஸ்ஸுக்குள் ஒரு ஆள் இல்லை, ஆனால் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு துண்டு கிடந்தது. வெள்ளைத் துண்டு, காசித் துண்டு, ரெஜினா அக்காவின் சால்வை, அந்தோணிசாமியின் தொப்பி, பின் சீட்டில் வரிசையாக ஆறு காலிபிளவர். கண்டக்டர் சுப்பையா கீழே சமவெளிக்காரர், நல்ல மனுஷர், தலையைச் சொறிந்தார்.

"துண்டு போட்ட சீட்டுல நான் எப்படி அண்ணாச்சி உங்கள உக்கார வைக்கட்டும்? நாளைக்கு ஒருத்தன் வந்து என் துண்ட எடுத்தது யாருன்னு கேட்டா?"

"நின்னுக்கிட்டு வாரேன்."

"மலைப்பாதையில நிக்க வச்சு ஏத்தக்கூடாது. சட்டம்."

நாற்பத்திரண்டு துண்டுகளை ஏற்றிக்கொண்டு பஸ் இறங்கிப் போனது. சாயங்காலம் அவற்றைப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தது. மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். யாரும் அவனை மறிக்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை, ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. "நாங்களா போகவேண்டாம்ங்கறோம்? சீட்டுக் கிடைச்சாப் போங்க தம்பி" என்று சொல்லி ரெஜினா அக்கா அவன் இலையில் இன்னொரு கரண்டி நெய் விட்டாள். அந்த ஊர் வேன்காரர்களும் ஜீப்காரர்களும் அவன் இல்லாத ஊருக்கு யாரைக் கூட்டிவருவது என்று, டயர் பஞ்சர், டயர் பஞ்சர் என்றே பதில் சொன்னார்கள்.

பத்தாம் நாள் அவன் நடந்தே கிளம்பினான். என்ன செய்தார்கள் தெரியுமா? ஊரே கூட நடந்தது. வெயிலைவிட்டுப் பிரிய மனமில்லாமல் டீக்கடை தள்ளுவண்டியும், சோளக்கதிர் அடுப்பும், சவாரிக் குதிரைகளும், தேனிலவுக்கு வந்து இன்னும் ஏரியைப் பார்க்காத ஒரு ஜோடியும், துணி காயப்போட வேண்டியவர்களும், அந்தக் கூப்பிடு தூர வட்டத்துக்குள்ளேயே, பேசிக்கொண்டும் கடலை கொறித்துக்கொண்டும் மலையிறங்கினார்கள். ஒன்பதாவது வளைவில் அந்தோணிசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டார். மயக்கம் நிஜமா பொய்யா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. முன்னால் இருநூறு பேர் ரோட்டை அடைத்து நிற்க, வெயிலுமுத்து அவரைத் தோளில் தாங்கிக்கொண்டு மறுபடியும் மேலே ஏறினான். வழியெல்லாம் ஜனங்கள் அவன் நல்ல மனசைப் புகழ்ந்துகொண்டே வந்தார்கள்.

அப்புறம் அவன் வாழ்க்கை பஸ் ஸ்டாண்டுக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதப்பட்டது. காலை ஏழு மணி முதல் ஏரி. பத்து மணி பூங்கா. பன்னிரண்டு மணி கேரட் தோட்டம், முறை வைத்து, தெருவுக்கு ஒரு நாள். மூன்று மணி காட்சிமுனை. செவ்வாய்க்கிழமை துணி காயப்போடுதல். முகூர்த்த நாளில் அவனைக் கொண்டுபோய் மணவறைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். மாப்பிள்ளையைவிட அவனுக்கே பெரிய மாலை விழுந்தது. எருமை தொலைந்தால் அவனைக் கூட்டிப்போய்த் தேடினார்கள். ஊசியில் நூல் கோக்கக்கூட அவன் ஜன்னலோரம் வரவேண்டியிருந்தது. அவன் எடுத்த படங்களைக் கண்டக்டர் மூலமாகக் கீழே அனுப்பியிருந்தான். மார்கழி பிறந்ததும் அவை பன்னிரண்டு மாதங்களாக அச்சாகி, நாடெங்கும் சமையல்கட்டிலும் சலூனிலும் தொங்க, அதைப் பார்த்துவிட்டு வேன் வேனாக ஜனங்கள் கிளம்பி வந்தார்கள். அந்த வேன்களிலும் காலி சீட்டிலெல்லாம் ஊர்த் துண்டு விழுந்தது. வந்தவர்கள் ஏரியைப் பார்த்தார்கள், ஏரிக்கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற அவனைப் பார்க்கவில்லை. அழகு அழகு என்று அவர்கள் சொல்லும்போதெல்லாம் அவன் ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். எந்தப் பக்கம் திரும்பினாலும் பூ. எந்தப் பக்கம் நடந்தாலும் அதே வெள்ளைச் சுவர், அவன் நடக்கிற அளவுக்கு நகர்ந்து, அவன் நிற்கிற இடத்தில் நின்றது. ஜெயில் சுவராவது ஓர் இடத்தில் நிற்கும்.

ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு நேரத்தில் ரெஜினா அக்கா ஒரே கேள்வியைக் கேட்பாள். "இங்கயே இருந்துருங்களேன் தம்பி. இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எங்களுக்கும் நிம்மதி." ஒவ்வொரு நாளும் அவன் ஒரே பதிலைச் சொல்வான். "நாளைக்குக் கிளம்புதேன்க்கா."

தை பதினைந்தாம் தேதி அவன் லாட்ஜ் போனில் பேச்சியைக் கூப்பிட்டான்.

"வந்துர்றேன்மா. சீட்டுத்தான் கெடைக்க மாட்டேங்குது."

"அஞ்சு மாசமாவா சீட்டுக் கெடைக்கல?" என்றாள் அவள். "என் கல்யாணத்துக்கும் இப்படித்தான ஒரு சாக்குச் சொன்ன? நீ வரலன்னா இத்தோட சரி. எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்லன்னு நெனச்சுக்கிடுதேன்." போனை வைத்துவிட்டாள். வெயிலுமுத்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தபடி அங்கேயே நின்று அழுதான். வட்டத்துக்குள் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள், ஏனென்றால் எல்லாருக்கும் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது.

ஊர் கூடிப் பேசியது. கல்நெஞ்சக்காரர்கள் அல்ல அவர்கள், அதுதான் கஷ்டமே. அவனை அனுப்ப முடியாது, காது குத்தை இங்கே கொண்டுவரலாமே என்று முடிவாயிற்று. ரெஜினா அக்காவே பேச்சிக்குப் போன் போட்டு, அண்ணன்மேல் குற்றமில்லை, இந்த ஊர்தான் விடவில்லை என்று ஒரு மணி நேரம் பேசி, அவள் கோபத்தைக் கரைத்தாள். குலசாமி கோவில் பிடிமண்ணைத் துணியில் முடிந்துகொண்டு, பேச்சியும் குருசாமியும் சொர்ணக்கிளியும் தை இருபத்தொன்று சாயங்காலம் மூடுபனிக்குள் தட்டுத் தடுமாறி வந்த பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அவனைக் கண்டதும் பேச்சி, "ஏண்ணே இப்படி வெளுத்துப் போன?" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை.

மறுநாள் முதல் ஏரிக்கரையில் பந்தல். பிடிமண்ணை வைத்து, மஞ்சள் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாதா படமும் வைத்து, ஊரே தாய்மாமன் சீராக நூற்றியொரு தட்டு எடுத்து வந்தது. பிளம்ஸ், பேரிக்காய், தேன், கம்பளிச் சட்டை, தொப்பி. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய சொர்ணக்கிளி மாமன் மடியில் ஏறி உட்கார்ந்து, "மாமா, வலிக்குமா?" என்று கேட்டாள். "எறும்பு கடிக்கிற மாதிரித்தான் தாயி" என்றான் அவன். நகை ஆசாரி வலது காதில் ஊசியை ஏற்றினார். பிள்ளை வீறிட்டாள். அந்த க்ஷணம் மூடுபனி இன்னொரு கூப்பிடு தூரம் பின்வாங்கியது. முதல் ஏரியின் அக்கரை, மரம் மரமாக, கல் கல்லாகத் தெரிந்தது. ஜனங்கள் குலவையிட்டார்கள். தாய்மாமன் மனசு குளிர்ந்துவிட்டது, அதுதான் என்றார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். இந்த ஐந்து மாதத்தில் அவன் சிரித்தது அன்றைக்குத்தான்.

பந்தி நடந்தது. அழுத பிள்ளைக்குக் குதிரை காட்ட குருசாமி அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கரையோரமாக மூடுபனிக்குள் போனார். எல்லாரும் இலையில் குனிந்திருக்க, பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த வெயிலுமுத்து மட்டும் நிமிர்ந்து பார்த்தான். அவன் வட்டத்துக்கு அப்பால், வெள்ளைச் சுவருக்குள்ளே, ஒரு நெற்களத்து அளவுக்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்குள் மூன்று குதிரைகள் நின்றன. மொட்டைத் தலையும் புதுக்கம்மலுமாக சொர்ணக்கிளி கைதட்டினாள். குருசாமி நகர்ந்தார், வெயிலும் கூடவே நகர்ந்தது.

பாயச வாளியைப் போட்டுவிட்டு அவன் ஓடினான். பிள்ளையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டான். ரெண்டு வட்டமும் ஒன்றாயின. முப்பத்தெட்டு வயசில் தான் சிக்கியது போகட்டும். இது மூன்று வயசுப் பிள்ளை. அறுபது வருஷம், எழுபது வருஷம் வைத்துப் பார்ப்பார்கள். அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள். கம்பளிச் சட்டை போட்டு, தேன் கொடுத்து, குதிரையில் ஏற்றி, கரும்பலகையில் பேர் எழுதுவார்கள்.

"மாப்ள, பாத்தத மறந்துருங்க" என்றான் குருசாமியிடம். பேச்சியிடம் போய், "கேள்வி கேக்காத. பதினோரு மணி பஸ்ல ஏறு. இனி இந்தப் பிள்ளைய மலைப்பக்கமே கூட்டிட்டு வராத. நம்ம ஊர்ல ஏது மூடுபனி? அங்க இவளப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியப்போறதில்ல" என்றான். பேச்சி அவன் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையின் பையை எடுத்தாள்.

விருந்தாளிகள் ஆயிற்றே என்று ஊர்க்காரர்கள் தாங்களே மூன்று துண்டுகளை எடுத்துவிட்டு இடம் கொடுத்தார்கள். மாமன் வழியனுப்புகிறான் என்று, பஸ் புறப்படும்வரை பிள்ளையை அவன் கையிலேயே வைத்திருந்தான். ஏற்றிவிடப் போனபோது பேச்சி ஜன்னலோர சீட்டைக் காட்டினாள். அங்கே கிடந்த காலிபிளவரை எப்போது நகர்த்தினாளோ, அந்த இடத்தில் சொர்ணக்கிளியின் ரோஸ் நிறக் குளியல் துண்டு விரித்திருந்தது.

"உனக்குச் சீட்டுப் போட்டுட்டேன்ணே. உக்காரு."

கண்டக்டர் சுப்பையாவின் முகம் மலர்ந்தது. "துண்டு விழுந்தாச்சு அண்ணாச்சி! இனி எவன் வந்து என்ன கேக்க முடியும்? ஏறுங்க, ஏறுங்க."

அவன் அந்தத் துண்டைப் பார்த்தான். எத்தனை நாள் கனவு கண்ட இடம். நாலு மணி நேரத்தில் சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு, அதைத் தாண்டினால் வீடு, வெட்டவெளி, பார்க்க எந்த அழகும் இல்லாத கரிசல். உட்கார்ந்தால் போதும். ஆனால் உட்கார்ந்தால் ஊர் பின்னாலேயே வரும். ஒன்பதாவது வளைவில் முன்னாலேயும் வந்து நிற்கும். அவனைப் பார்க்க வருகிற இருநூறு ஜோடிக் கண்ணும் அவளையும் பார்க்கும். அவன் துண்டை எடுத்தான். நாலாக மடித்தான். சந்தனம் காயாத மொட்டைத் தலையில் அதைப் போர்த்திவிட்டான்.

"மாமா வரலியா?"

"மாமாவுக்கு வேலை இருக்கு தாயி."

பேச்சி அவன் கையை விடவில்லை. அவன்தான் விடுவித்துக்கொண்டு இறங்கினான். இறங்கியவன் பஸ்ஸைத் திரும்பிப் பார்க்காமல், ஏரிப் பக்கமாகக் கையை வீசி, "வாங்க, எல்லாரும் வாங்க! இன்னிக்கு ஏரி எப்படி இருக்குன்னு பாக்கலியா? வாங்க வாங்க!" என்று கூவினான். ஐந்து மாதத்தில் அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. கைகழுவாமல்கூட ஓடிவந்தார்கள். ரோட்டுக்கு முதுகைக் காட்டி எல்லாரையும் கரையில் நிறுத்திவைத்து, அவன் காட்டிக் காட்டிச் சொன்னான். அந்தா பாருங்க சைப்ரஸ் நிழல். அந்தா பாருங்க, நடு ஏரியில மேகம். இந்தத் தண்ணிக்கு ஒரு நாளைக்கு எத்தன நிறம் தெரியுமா? சொல்லச் சொல்ல அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஏரி நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது.

காது மட்டும் ரோட்டில் இருந்தது. என்றைக்கும் நிறுத்தாமல் அலறுகிற ஹாரன் இன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் ஒரே ஒரு தரம் அடித்தது. விசில் சத்தமே இல்லை. ஒன்று. ரெண்டு. மூன்று. பாதை தெரிகிற வண்டியின் வேகத்தில் பஸ் இறங்கிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் நின்ற ரெஜினா அக்கா திரும்பினாள். கீழே, மூடுபனிக்குள், வேட்டித் திரைக்குப் பின்னால் யாரோ பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் போகிற மாதிரி, ஒரு மஞ்சள் வெளிச்சம் வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அப்புறம் வெயிலுமுத்துவைப் பார்த்தாள். வாயைத் திறந்தாளானால் இருநூறு பேர் குறுக்குப் பாதையில் ஓடி, எட்டாவது வளைவிலேயே பஸ்ஸைப் பிடித்துவிடுவார்கள்.

"தம்பி," என்றாள் மிக மெதுவாக, இலையில் நெய் விடுகிற அதே குரலில், "நீங்க இருப்பீங்கல்ல?"

ஏழாவது ஹாரன் கேட்டது. எட்டாவது.

"இருக்கேன்க்கா" என்றான் வெயிலுமுத்து.

அவள் தலையாட்டினாள். அங்கே திரும்பப்போன அந்தோணிசாமியின் தாடையைப் பிடித்து ஏரிப் பக்கம் திருப்பி, "என்னத்தப் பாக்கறீங்க, தம்பி காட்டற எடத்தப் பாருங்க" என்று எல்லாருக்கும் கேட்கும்படி அதட்டினாள். ஒன்பது. பத்து. அப்புறம் சத்தமில்லை.

மறுநாள் காலை, ஏழு மணி முதல் ஏரி முடிந்து பத்து மணிப் பூங்காவுக்குப் போகிற வழியில், அவன் பஸ் ஸ்டாண்டைக் கடந்தான். பதினோரு மணி வண்டி நின்றிருந்தது. கண்டக்டர் சுப்பையா கதவடியில் நின்று, உள்ளே பார் என்பதுபோலக் கையைக் காட்டினார். ஒரு துண்டு இல்லை, சால்வை இல்லை, தொப்பி இல்லை. நாற்பத்திரண்டு சீட்டும் காலியாகக் கிடந்தன. வெயிலுமுத்து அவற்றைப் பார்த்துக்கொண்டே பூங்காவுக்கு நடந்தான். வெயிலும் அவன் கூடவே போனது.